பைபாஸ் செய்த அப்பா மறுபடியும் சிகரெட் பிடிக்கிறார், "ஒரு நாளைக்கு ரெண்டுதானே" என்கிறார்

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 59 வயது, லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சிகரெட் பிடிக்கிறார், மாதக் கடைசியில் கையில் காசு இறுகினால் பீடி. இந்த வருடத் தொடக்கத்தில் மாரடைப்பு வந்தது. ஆஞ்சியோ பார்த்ததில் மூன்று இடத்தில் அடைப்பு, சர்க்கரையும் இருப்பதால் ஸ்டென்ட்டை விட ஆபரேஷன்தான் நல்லது என்று சொல்லி மதுரையில் பைபாஸ் செய்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் முடிந்தது, அதில் குறை ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை பிடிக்கவில்லை, பிடிக்க வழியும் இல்லை. வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் இருந்தார். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார் இல்லையா, அந்த நடை இப்போது நேராகப் பெட்டிக்கடையில் போய் நிற்கிறது. வரும்போது வாயில் புதினா மிட்டாய். அம்மா சட்டையை மோந்து பார்த்துக் கண்டுபிடித்து, ஒரே சண்டை, இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

நான் கேட்டால் அவர் சொல்வது இதுதான்: "அடைப்பை எல்லாம் எடுத்துட்டாங்க, கால்ல இருந்து புது நரம்பு எடுத்து வெச்சாச்சு. முன்னாடி ஒரு பாக்கெட், இப்ப ரெண்டுதானே. இத்தனை வருஷப் பழக்கத்தை பட்டுன்னு விட்டாத்தான் ஹார்ட்டுக்கு ஆபத்துன்னு சொல்றாங்க." யார் சொன்னது என்று கேட்டால் டீக்கடை நண்பர் ஒருவர். அது உண்மையா? இரண்டு சிகரெட்டில் பெரிதாக என்ன ஆகிவிடும்? நிகோடின் சூயிங்கம் ஹார்ட் பேஷண்ட் மெல்லலாமா, அதிலும் நிகோடின்தானே இருக்கிறது? திட்டாமல், பயமுறுத்தாமல், அவரிடம் சொல்கிற மாதிரி யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

இருதய வார்டு செவிலி எழுதியது:

தம்பி, நான் நெஞ்சு அறுவைசிகிச்சை ஐசியூவில் வெகுகாலம் வேலை பார்த்தவள். உங்கள் அப்பா சொல்கிற முதல் வரியிலேயே தப்பு இருக்கிறது, எங்களிடம் வரும் பாதிப் பேர் அப்படித்தான் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள், நாங்களும் டிஸ்சார்ஜ் அவசரத்தில் சரியாக விளக்குவதில்லை. பைபாஸில் அடைப்பை எடுப்பதில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வேறு குழாயைத் தைத்து விடுகிறார்கள், அவ்வளவுதான். ஊருக்குள் நெரிசல் என்று வெளியே புறவழிச்சாலை போடுகிற மாதிரி. அடைப்பை உண்டாக்கிய நோய் உடம்பில் அப்படியேதான் இருக்கிறது.

இப்போது அந்தப் புதுக் குழாய்க்கு வருவோம். அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள், "லிமா டு எல்ஏடி" என்று ஒன்றும் "எஸ்விஜி" என்று ஒன்றோ இரண்டோ இருக்கும், பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். லிமா என்பது மார்புக்கூட்டின் உள்பக்கம் ஓடுகிற தமனி, அதை இதயத்தின் முன்பக்க முக்கியக் குழாயில் இணைப்பார்கள். அது கெட்டிக்காரக் குழாய், பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் திறந்தே இருக்கும். எஸ்விஜி என்பது காலில் எடுத்த சிரை. அதுதான் நமக்குக் கவலை. காலில் இருந்தவரை அது குறைந்த அழுத்தத்தில் ரத்தத்தை மேலே கொண்டுபோன குழாய், இப்போது திடீரென்று தமனியின் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. அதன் உள்சுவர் தடிக்கிறது, அந்தத் தடிப்பின் மேல் கொழுப்பு படிகிறது. புகை பிடிக்காதவர்களும் சேர்ந்த பொதுவான கணக்கிலேயே பத்து வருடத்தில் ஏறக்குறைய பாதி சிரைக் குழாய்கள் அடைத்துவிடுகின்றன அல்லது மோசமாகச் சுருங்கிவிடுகின்றன. புகை அந்த வேலையை வேகப்படுத்துகிறது.

எப்படி என்றால், ரத்தக்குழாயின் உள்ளே மெல்லிய ஒரு தோல் மாதிரி படலம் இருக்கிறது, அதுதான் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற பொருளைச் சுரந்து குழாயை விரியவும் வழவழப்பாக இருக்கவும் வைக்கிறது. சிகரெட் புகை அந்தப் படலத்தைக் கெடுக்கிறது, ரத்தத் தட்டணுக்களை ஒட்டிக்கொள்ளும்படி செய்கிறது, நல்ல கொழுப்பைக் குறைக்கிறது. கார்பன் மோனாக்ஸைடு வேறு, ஆக்ஸிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும், அதனால் இதயத்துக்குப் போகிற ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது, அதே நேரத்தில் நிகோடின் இதயத்தை வேகமாகத் துடிக்க வைத்து அதிக ஆக்ஸிஜன் கேட்க வைக்கிறது. ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் தினமும் போடுகிறேனே என்பார்கள். போட வேண்டும்தான், ஆனால் அவை புகைக்கு ஈடு கட்டாது.

இன்னொன்று, குழாய் அடைத்தால் மறுபடி ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டாவது முறை முதல் முறை மாதிரி இல்லை. இதயம் மார்பெலும்பின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், எலும்பை மறுபடி அறுக்கும்போதே ஆபத்து. லிமாவை ஏற்கெனவே எடுத்தாயிற்று, காலில் நல்ல சிரை மீதி இருக்கிறதா என்று தேட வேண்டும். நல்ல டாக்டர்களே யோசிப்பார்கள்.

பட்டென்று விட்டால் ஹார்ட்டுக்கு ஆபத்து என்பது சுத்தப் பொய். எரிச்சல் வரும், தூக்கம் கெடும், பசி எடுக்கும், மனசு ஒரு மாதிரி இருக்கும். இதயம் நிற்காது. அவரே ஆஸ்பத்திரியில் பட்டென்று விட்டவர்தானே, அங்கே மானிட்டர் போட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

நெல்லை மைனர் எழுதியது:

சும்மா பயமுறுத்தாதீங்க. எங்கள் பெரியப்பா பைபாஸ் செய்து ஏழெட்டு வருடம் இருக்கும், இன்றைக்கும் பீடி பிடிக்கிறார், வயலுக்குப் போகிறார், நன்றாகத்தான் இருக்கிறார். இந்த வயதில் ஒரு மனுஷனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷத்தைப் பிடுங்கி, வீட்டில் தினம் சண்டை போட்டால் அந்த டென்ஷனிலேயே ஹார்ட் கெட்டுவிடும். ரெண்டு சிகரெட்தானே, விடுங்கள் பாஸ்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

மைனர், உங்கள் பெரியப்பா நீடூழி வாழட்டும். ஆனால் பைபாஸ் செய்து, தொடர்ந்து பிடித்து, செத்துப்போனவர் டீக்கடைக்கு வந்து "நான் செத்துப்போய்ட்டேன்" என்று சொல்வதில்லை. நம் கண்ணில் படுவது பிழைத்தவர் மட்டும்தான்.

நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரத்தில் 1971 முதல் 1980 வரை பைபாஸ் செய்துகொண்டவர்களைச் சுமார் இருபது வருடம் விடாமல் கவனித்து, 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு விட்டவர்களுக்கும் தொடர்ந்து பிடித்தவர்களுக்கும் உயிர்பிழைப்பில் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தால், ஐந்து வருடத்தில் வெறும் 3 சதவீதம். பதினைந்து வருடத்தில் 14 சதவீதம். முதல் சில வருடம் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, அதனால்தான் "நன்றாகத்தான் இருக்கிறார்" என்று சொல்ல முடிகிறது. பிடித்தவர்களுக்கு மறுபடி பைபாஸோ பலூன் சிகிச்சையோ தேவைப்பட்டதும் அதிகம். இன்னும் பொதுவாக, இதயக்குழாய் நோய் வந்தபின் புகையை விட்டவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு 2003-ல் வந்தது. 36 சதவீதம். விலை உயர்ந்த மாத்திரைகளிடம் கூட இவ்வளவு எதிர்பார்க்க முடியாது, இதற்குச் செலவு வேறு இல்லை, மிச்சம்தான்.

அப்புறம் "ரெண்டுதானே". இது என் ஏரியா. இருபது பிடிக்கிறவனுக்கு நூறு பங்கு கூடுதல் ஆபத்து என்றால், ஒன்று பிடிக்கிறவனுக்கு ஐந்து பங்கு என்றுதான் யாரும் கணக்குப் போடுவோம். நுரையீரல் புற்றுநோய்க்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி. இதயத்துக்கு இல்லை. 2018-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கு, இருபது பிடிப்பவருடைய கூடுதல் இதய ஆபத்தில் 40 முதல் 50 பங்கு இருப்பதாகச் சொல்கிறது. தட்டணுவும் ரத்தக்குழாயும் கொஞ்சப் புகைக்கே பலமாக எதிர்வினை காட்டிவிடுகின்றன. பாக்கெட்டிலிருந்து இரண்டுக்கு வந்தது பெரிய முயற்சிதான், அதை அப்பாவிடம் பாராட்டிச் சொல்லுங்கள், ஆனால் அங்கேயே நின்றால் கஷ்டப்பட்டதற்கு உரிய பலனில் ஏறக்குறைய பாதிதான் கைக்கு வரும். போதாக்குறைக்கு, குறைத்துக்கொண்டவர்கள் அந்த இரண்டையும் அடிவரை ஆழமாக இழுத்துவிடுவார்கள்.

டென்ஷன் விஷயம்: நிகோடின் ரத்தத்தில் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அப்போது வருகிற எரிச்சலைத்தான் நாம் டென்ஷன் என்கிறோம், அடுத்த சிகரெட் அதைத் தணிக்கிறது, உடனே "சிகரெட் டென்ஷனைக் குறைக்குது" என்கிறோம். பிரச்சினையைக் கொடுத்ததும் அதுதான்.

பெரம்பூர் ரிட்டயர்டு எழுதியது:

நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன், எனக்கும் பைபாஸ் ஆகியிருக்கிறது. (எங்கள் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான் 1975-ல் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனைச் செய்தார் என்பது எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை, சந்தர்ப்பம் கிடைத்ததால் சொல்லிவிட்டேன்.) வாத்தியார் கணக்கும் அக்கா சொன்ன விளக்கமும் சரிதான், ஆனால் தம்பி, உங்கள் அப்பாவுக்கு சிகரெட் கெடுதல் என்று தெரியாமலா இருக்கும்? நெஞ்சை அறுத்து மூடியிருக்கிறார்கள், தெரியாமல் இருக்காது. விட முடியவில்லை, அதைச் சொல்ல வெட்கம், அதனால் "ரெண்டுதானே" என்கிறார்.

அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், சட்டையை மோப்பம் பிடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அதனால் அவர் சிகரெட்டை விடமாட்டார், இன்னும் நன்றாக ஒளித்துப் பிடிக்கக் கற்றுக்கொள்வார், டாக்டரிடமும் "விட்டாச்சு சார்" என்று சொல்லிவிடுவார். அது நடந்தால் மருந்து கொடுக்கிற வாய்ப்பும் போய்விடும். எந்த இரண்டு சிகரெட்டை அவரால் விட முடியவில்லை என்று சண்டை போடாமல் கேட்டுப் பாருங்கள். என் ஊகம், ஒன்று காலையில் கக்கூஸ் போவதற்கு. சிரிக்காதீர்கள், நம் ஆட்களில் பாதிப் பேர் சிகரெட்டை விடாததற்குக் காரணம் இதுதான், ஒரு தம் போட்டால்தான் வயிறு கழியும். அது மனப்பிரமை இல்லை, நிகோடின் குடலைத் தூண்டும், விட்டால் கொஞ்ச நாள் மலச்சிக்கல் நிஜமாகவே வரும். நெஞ்சு ஆபரேஷன் செய்தவர் முக்கவும் கூடாது. எனக்கு டாக்டர் இசப்கோல் கொடுத்தார், எழுந்ததும் வெந்நீர், இரவில் கொய்யாவோ வாழைத்தண்டோ ஏதாவது நார் உள்ளதாக. சில வாரத்தில் உடம்பு பழகிவிட்டது. சர்க்கரை இருப்பதால் என்ன பழம் எவ்வளவு என்று அவர் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இன்னொரு சிகரெட் டீயோடு இருக்கும். டீ குடிக்கிற இடத்தை மாற்ற வேண்டும், நடக்கிற தெருவை மாற்ற வேண்டும். நடையில் நீங்களும் கூடப் போங்கள், காவலுக்குப் போவதாகத் தோன்றாமல் ஏதாவது பேச்சுத் துணையாக. காபி, டீ அளவையும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். புகை பிடிக்கிறவர் உடம்பு காபியில் இருக்கும் கஃபீனை வேகமாக வெளியேற்றிவிடும், விட்டபின் அந்த வேகம் குறையும், அதே நாலு டம்ளர் குடித்தால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும், அதைச் "சிகரெட்டை விட்டதால் வந்த கோளாறு" என்று நினைத்து மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் சூயிங்கம் போட்டுத்தான் விட்டேன். அதை சாதாரண கம் மாதிரி சப்பினால் நெஞ்செரிச்சலும் விக்கலும்தான் மிச்சம். மெதுவாகக் கடிக்க வேண்டும், காரமாகச் சுள்ளென்று ஒன்று வரும், உடனே நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும், சுள்ளென்றது அடங்கியதும் மறுபடி கடிக்க வேண்டும், அரைமணி நேரம் இப்படியே. அதற்கு முன் ஒரு கால்மணி நேரமும், வாயில் இருக்கும்போதும் காபி, ஜூஸ் கூடாது, குடித்தால் நிகோடின் சரியாக ஏறாது. முதல் இரண்டு மூன்று நாள்தான் நரகம். பிறகு மெல்ல மெல்லக் குறைந்துவிடும்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ரிட்டயர்டு ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே. நேற்று அம்மா இல்லாத நேரத்தில் கேட்டேன், கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "காலைல அது இல்லாம வயிறு போகலடா" என்றார். அவர் வெளிப்படையாகப் பேசியதே எனக்கு ஆச்சரியம்.

ஆனால் புதுப் பிரச்சினை ஒன்று. சித்தப்பா மகன் துபாயில் இருக்கிறான், வேப் (மின்சிகரெட்) வாங்கி அனுப்புகிறேன், அதில் புகையே இல்லை என்கிறான். டீக்கடை நண்பர் (அவரேதான்!) ஹான்ஸ் (வாயில் ஒதுக்கும் புகையிலை) வைத்துக்கொள்ளச் சொல்கிறாராம். இது இரண்டும் பரவாயில்லையா? செவிலி அக்கா, சூயிங்கம் ஹார்ட் பேஷண்டுக்கு ஆகுமா என்று நீங்கள் சொல்லவில்லையே.

சோழவந்தான் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. எனக்கு ஆபரேஷன் இல்லை, ஸ்டென்ட் மட்டும்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

இருதய வார்டு செவிலி எழுதியது:

சோழவந்தான், உங்களுக்கும் அப்படியே பொருந்தும். ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாயின் உள்ளே இருக்கிற உலோக வலை, தட்டணு ஒட்டிக்கொள்ள அதுவே ஒரு இடம். அதற்காகத்தான் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை கொடுத்திருப்பார்கள். பைபாஸ் குழாய் பெரும்பாலும் மெதுவாகச் சுருங்கும், ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்தால் சில நிமிடத்தில் பெரிய மாரடைப்பு. மாத்திரையை விடாதீர்கள், புகையை விடுங்கள்.

தம்பி, ஹான்ஸ் வேண்டவே வேண்டாம். புகை இல்லை என்றாலும் புகையிலைதான், வாய்ப் புற்றுநோய் ஒரு பக்கம், இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றுவது இன்னொரு பக்கம். வேப் இந்தியாவில் 2019-ல் இருந்து சட்டப்படியே தடை, தயாரிப்பது, விற்பது, இறக்குமதி எல்லாம் குற்றம், உங்கள் சித்தப்பா மகன் ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்ளப் போகிறான். நமக்கு இங்கே முறையான மருந்துகள் கிடைக்கும்போது அந்த வம்பு எதற்கு.

சூயிங்கம், தோலில் ஒட்டுகிற நிகோடின் பேட்ச் பற்றி: அதில் நிகோடின் இருக்கிறது, உண்மை. ஆனால் கார்பன் மோனாக்ஸைடு இல்லை, தார் இல்லை, சிகரெட்டில் நிகோடின் சில விநாடிகளில் மூளைக்கு ஏறுகிற வேகமும் இல்லை. இதய நோயாளிகளிடமும் இதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள், சிகரெட்டைத் தொடர்வதை விட இது எவ்வளவோ பாதுகாப்பு. மாரடைப்பு வந்து இரண்டு வாரத்துக்குள், அல்லது நெஞ்சுவலி, துடிப்புக் கோளாறு அடங்காமல் இருந்தால்தான் டாக்டர் யோசிப்பார். அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார், இருந்தாலும் ரிவ்யூவில் கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள். 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு வருகிறது, எழுந்த அரைமணிக்குள் முதல் சிகரெட் வேண்டும் என்கிறவர்களுக்குப் பெரும்பாலும் 4 தேவைப்படும். கம்மும் போட்டுக்கொண்டு சிகரெட்டும் பிடிப்பது என்று ஆகிவிடக் கூடாது.

கம் போதவில்லை என்றால் மாத்திரை இருக்கிறது, வரெனிக்ளின், புப்ரோபியான் என்று இரண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது. வரெனிக்ளினில் குமட்டல் வரும், சாப்பிட்டபின் முழு டம்ளர் தண்ணீரோடு போட்டால் குறையும். ஆரம்பித்த உடனே சிகரெட்டை விட வேண்டும் என்று இல்லை, ஒரு வாரம் மாத்திரை போட்டபின் விடுகிற நாளை வைத்துக்கொள்வது வழக்கம், உங்கள் அப்பா மாதிரி தயங்குகிறவர்களுக்கு அது வசதி.

சிகரெட் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று ஒரு இலவச எண் அச்சிட்டிருக்கும், மத்திய அரசின் உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். அப்பாவே பேச வேண்டும், நீங்கள் பேசிப் பயனில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் புகையிலையை விட ஆலோசனை தரும் பிரிவு இருக்கிறது, ரிவ்யூவுக்குப் போகும் இடத்தில் கேளுங்கள்.

வேறு யாராவது வால்வு ஆபரேஷன் செய்து, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று: புகையை விட்டதும் அந்த மருந்தின் வேகம் கொஞ்சம் கூடலாம், ஐஎன்ஆர் டெஸ்ட்டை (ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று பார்ப்பது) வழக்கத்தை விட முன்கூட்டியே எடுக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

நெல்லை மைனர் எழுதியது:

அக்கா, பீடிக்கும் அந்த கம் வேலை செய்யுமா? பெரியப்பாவுக்குக் கேட்கிறேன்.

இருதய வார்டு செவிலி எழுதியது:

செய்யும். பீடியை லேசாக நினைக்காதீர்கள், இலை சுற்றியிருப்பதால் காற்று சரியாகப் புகாது, அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், அதனால் கார்பன் மோனாக்ஸைடும் நிகோடினும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகும். ஒரு நாளைக்கு எத்தனை கட்டு, எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி, பல் எப்படி இருக்கிறது (ஆடுகிற பல்லோ பல்செட்டோ இருந்தால் கம் கஷ்டம், பேட்ச் கேட்க வேண்டும்), இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு அவரைக் கூட்டிப் போங்கள்.